வெட்டிய சிப்பும் முந்திய பாங்கும்

ஒரு பொருளை ஐந்து கடையில் விலை கேட்காமல் வாங்கிவிட்டால் எங்கள் குடும்பத்தில் அன்றைக்குச் சோறு இறங்காது. என் வாப்பா காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்தவர். கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் விலை பேசுவதற்கென்றே அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர் படியேறுவதைக் கண்டதுமே கடைக்காரர்கள் தேநீருக்குச் சொல்லிவிடுவார்கள் (இலேசில் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்). அந்த இரத்தம்தான் எனக்குள்ளும் ஓடுகிறது. ஒரு ரமழானில் அது கொஞ்சம் அதிக வேகமாக ஓடி, எங்கள் வட்டாரம் முழுவதும் பிடித்திருந்த நோன்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மின்னணுவியலில் டிப்ளோமா முடித்திருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் ஒரு பெட்டி உடுப்போடும் மூன்று பெட்டி வயர், சிப், சோல்டரிங் அயனோடும் போய் முன்னறையைப் பிடித்துக்கொண்டேன். ஈயம் உருகும் புகை அடுப்படி வரை போகும். மாமி ஒன்றும் சொல்லமாட்டார், ஜன்னலை மட்டும் சத்தமாகத் திறப்பார். மருமகனுக்கு என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "கொம்பியூட்டர் மாதிரி ஒண்டு" என்று சொல்லிவிட்டு மீன் விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கை முனைப் பள்ளிவாசலுக்கு மின்சார நேரப் பலகை போடுவதென்று நிர்வாக சபை தீர்மானித்தது. நேரமும் ஐந்து வேளைத் தொழுகை நேரமும் பெரிய சிவப்பு எழுத்தில் தெரியும் பலகை. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி விலை அனுப்பியிருந்தது. சபையில் வாப்பாவும் ஓர் உறுப்பினர். அந்தக் கடிதத்தை வாசித்ததும் அவருக்கு நெஞ்சை அடைத்துவிட்டதாம். இதில் பாதிக்கு என் மகன் செய்வான் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். முடியுமா என்று என்னைக் கேட்கவில்லை. நானும் முடியாது என்று சொல்லவில்லை. மாமி வீட்டில் நிமிர்ந்து நடக்க எனக்கும் ஒரு பலகை தேவைப்பட்டது.

எல்லாப் பலகைகளும் கேபிளால் இணைந்து, இணையத்திலிருந்து சரியான நேரத்தைத் தாமாகவே கேட்டு எடுத்துக்கொள்ளும். இதுதான் என் திட்டம். அப்படியென்றால் ஒவ்வொரு பலகைக்குள்ளும் மூளையாக ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் வேண்டும், அது கேபிள் வழியாக வெளியே பேச ஓர் ஈதர்நெட் வழியும் வேண்டும். அங்கேதான் எனக்குப் பெருநாள் பிறந்தது. விலை ஒப்பிட ஆரம்பித்தேன்.

ஈதர்நெட்டை முழுதாக உள்ளே வைத்திருக்கிற பெரிய மைக்ரோகொன்ட்ரோலர் ஒன்று இருந்தது. ஒரே சிப்பில் வேலை முடியும், ஆனால் விலையைக் கேட்டால் வாப்பா வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். இன்னொன்றில் பாதி உள்ளே, பாதி வெளியே. கம்பியோடு பேச இன்னொரு சிப்பைத் துணைக்குப் போட வேண்டும். மூன்றாவது வழியில் மூளை மிகச் சின்னது, மிக மலிவு. பக்கத்தில் தனியாக ஓர் ஈதர்நெட் சிப் உட்கார்ந்து எல்லாப் பாரத்தையும் சுமக்கும். அதையே தெரிந்தெடுத்தேன். அப்புறம் கேபிளைச் செருகுகிற வாய். அதற்குள்ளேயே சின்ன ட்ரான்ஸ்போமர் வைத்தது ஒரு விலை, வெளியே தனியாக வைப்பது ஒரு விலை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் பலகையின் மூளையைவிட வாய்க்குத்தான் விலை அதிகம். (அதிலேயே எனக்கு ஏதாவது விளங்கியிருக்க வேண்டும்.)

பத்து நாள் அந்த எக்செல் பட்டியலோடு குடும்பம் நடத்தினேன். மனைவி ஸஹ்ரா சாப்பிடக் கூப்பிட்டால், சீனத்து இணையக் கடைக்கும் சிங்கப்பூர்க் கடைக்கும் நடுவில் நின்று "இந்தா வாறன்" என்பேன். நூறு வாங்கினால் ஒன்று இவ்வளவு என்று போட்டிருக்கும் விலையைத்தான் பட்டியலில் எழுதினேன். எனக்குத் தேவைப்பட்டவை நாலே நாலு. இதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

ஒரு மாலை வாப்பா வந்து என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பட்டியலை வரி வரியாகக் கேட்டார். கொழும்பு விலையில் பாதிக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. முதலில் வெளி மண்டபத்துக்கான நாலாவது பலகை போனது. பிறகு நேரச் சிப் என்ற வரிக்கு வந்தார். இது எதற்கு என்று கேட்டார். இணையம் இல்லாவிட்டாலும் நேரத்தைப் பிசகாமல் எண்ணிக்கொண்டிருக்கும், கரண்ட் போனாலும் அதற்கென்று ஒரு சின்ன பற்றரி இருக்கும் என்று விளக்கினேன்.

"நெட்டில நேரம் வருமெண்டு சொன்னாயே?"

"வரும் வாப்பா."

"அப்ப ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்கு?"

வாப்பா பன்னிரண்டு வயதில் கடையில் உட்கார்ந்தவர், ஈதர்நெட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். படித்தவன் நான்தான். நான் அந்த வரியை ஒரு தரம் பார்த்தேன், வாப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தேன், அழித்தேன். கூட்டுத்தொகை உடனே குறைந்தது. அந்த நிமிஷம் எங்கள் இருவருக்கும் வந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இப்போது யோசித்தால், விலைப் பட்டியலில் எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான். ஒரு வரியை அழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அது அப்போதே காட்டிவிடுகிறது. அழித்ததால் பிறகு என்ன வரும் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

மூன்று கிழமை பலகைகளை வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு செக்கன் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிறவன் பரீட்சையில் பிழை விடுவானா?

ரமழானுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பலகைகள் ஏறின. தொழுகை மண்டபத்தில் ஒன்று, கைகால் கழுவும் இடத்தில் ஒன்று, தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மைக் அறையில் ஒன்று. தலைவர் என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அப்போது மோதினார் ஹனிபா காக்கா ஓரமாக நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் காக்கா. வெளிநாட்டு வேலையாகக் கட்டாரில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்து, பாங்கு சொல்லும் வேலையை விரும்பிக் கேட்டு எடுத்தவர். கையில் கட்டாரில் வாங்கிய மணிக்கூடு. அதையும் தொழுகை நேரக் கலண்டரையும் வைத்து ஒரு நாள்கூடப் பிந்தாமல், முந்தாமல் பாங்கு சொல்லி வந்தவர் என்று ஊரே சொல்லும்.

இனி மோதினார் கையைப் பார்க்கத் தேவையில்லை, பலகையைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று வாப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஹனிபா காக்கா சட்டைக் கையை மணிக்கூட்டின் மேல் இழுத்துவிட்டார். மறுநாள் பார்த்தேன், அவர் கையில் மணிக்கூடு இல்லை, கட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. பலகை பிழைத்தால் என்ன செய்வது என்று என்னிடம் தனியாக ஒருமுறை கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் போலிருக்கும்.

நடு ரமழானில் ஒரு நாள். வாவிப் பக்கத்துக் காற்று காலையிலேயே நின்றுவிட்டது. ஓடு சுட்டது, சுவர் சுட்டது. அன்று விடியற்காலை ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு பள்ளியின் ரவுட்டர் இணையத்தைத் தராமல் உறைந்து நின்றுவிட்டது. அது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. இணையம் இல்லையென்றால் பலகையில் ஓர் அடையாளம் காட்டும்படி எழுதியிருக்கலாம். அழகு கெட்டுவிடும் என்று விட்டிருந்தேன். ஆகவே பலகைகள் தங்கள் மூளைக்குள் இருக்கும் மலிவான எண்ணியை வைத்துத் தாமே நேரத்தை எண்ணத் தொடங்கின. அந்த எண்ணிக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏறினால் அவசரப்படும். மைக் அறையோ தீப்பெட்டி அளவு, அதற்குள் ஒலிபெருக்கிப் பெட்டியும் கொதித்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று மணித்தியாலம் அவசரப்பட்டு, நோன்பு திறக்கிற மஃரிப் நேரத்துக்கு அந்தப் பலகை ஐந்து நிமிஷம் முன்னால் போய் நின்றது.

நாங்கள் வெளி மண்டபத்தில் கஞ்சிக் கோப்பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அங்கே பலகை கிடையாது (வெட்டியவர்கள் யாரென்று சொல்லிவிட்டேன்). பாங்கு கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஈத்தம்பழத்தை வாயில் போட்டு, கஞ்சியை எடுத்தேன்.

எங்கள் ஊரில் பாங்கு தனியாகக் கேட்பதில்லை. ஒரு பள்ளியில் தொடங்கினால் மூச்செடுப்பதற்குள் அடுத்த பள்ளியில் தொடங்கும், அதற்கடுத்ததில் தொடங்கும், பிறகு எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாது. அன்றைக்கு எங்கள் பாங்கு தனியாகத் தொடங்கி, தனியாகவே முடிந்தது. வாப்பா வாய் நிறையக் கஞ்சியோடு என் பக்கம் திரும்பினார்.

"மத்தப் பள்ளியில எல்லாம் என்ன, கரண்ட் இல்லையோ?"

நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். பாவம், எங்களிடம் சொல்லியிருந்தால் நல்ல பலகையாகச் செய்து கொடுத்திருப்போமே என்றுகூட நினைத்தேன். இரண்டாவது கோப்பையில் பாதி போயிருக்கும். கிழக்குப் பக்கத்துப் பள்ளியில் பாங்கு தொடங்கியது. பிறகு வடக்கே. பிறகு ஊர் முழுவதும். எங்கள் மண்டபத்தில் ஒருவர் வாயும் அசையவில்லை. ஒருவர் வாயிலிருந்ததைக் கோப்பைக்குள் மெல்லத் திருப்பித் துப்பினார். நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்கியவுடன் என்ன செய்திருக்க வேண்டும்? எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். நான் மெதுவாக நழுவி ரவுட்டர் இருக்கும் இடத்துக்கு ஓடினேன். எதற்கும் நாம் செய்வதைத்தான் செய்தேன், சுவிட்சை அணைத்துப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் எல்லாப் பலகைகளும் செக்கன் பிசகாமல் சரியான நேரத்துக்கு வந்து நின்றன. தீயை அணைத்தவன் மாதிரி மூச்சு விட்டேன். நான் அணைத்தது தீயை இல்லை என்பது, தலைவரும் வாப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் ஹனிபா காக்காவோடு மைக் அறைக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது.

பலகையில் நேரம் வந்த பிறகுதான் மைக்கைத் தொட்டேன் என்று ஹனிபா காக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். தலைவர் தன் கைப்பேசியை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் நிமிஷம் ஒரே செக்கனில் மாறியது.

"பலகை சரியாத்தானே இரிக்கு ஹனிபா," என்றார் வாப்பா. "பசி எல்லாருக்கும்தான்."

ஹனிபா காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பலகை செய்தவன் நீதானே, நீ சொல்லு என்று கேட்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அந்த எறும்பை அவ்வளவு கவனமாக நான் ஏன் பார்த்தேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மஃரிப் தொழுதோம். என்ன ஓதினார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. தொழுகை முடிந்ததும் சபை அறையில் கூடினார்கள். அந்தப் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்த எல்லோரும் பெருநாளுக்குப் பிறகு அந்த ஒரு நோன்பைத் திரும்பப் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும், அதை அறிவிக்க வேண்டும் என்று முடிவானது. ரமழான் முடியும்வரை வேறொருவர் பாங்கு சொல்லட்டும் என்று தலைவர் தணிந்த குரலில் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஹனிபா காக்கா மடியிலிருந்து மைக் அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். சாவியின் சத்தம் கேட்டதும் என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"பிழை அவர்ட இல்ல. என்ட," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ரவுட்டர், சூடு, எண்ணி, நான் ஓடிப்போய்த் திருத்தியது. பதற்றத்தில் மூன்று வகை ஈதர்நெட் வழிகளின் விலை வித்தியாசத்தையும் விளக்கினேன் என்று பிறகு சொன்னார்கள். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ போடாமல் விட்ட அந்தச் சாமான் என்ன விலை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தேத்தண்ணிக் கடையில ரெண்டு ரோல்ஸ் வாங்கித் தின்னுற காசு வரும்," என்றேன்.

அந்த அறையில் இருந்த எல்லோரும் வியாபாரிகள். வாழ்க்கையில் ஒரு வியாபாரத்திலும் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளாத என் வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹனிபா காக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"அத வெட்டச் சொன்னது நான். என்ட வாயால உன்னப் பசியெண்டும் சொல்லிட்டன். பொறுத்துக்க."

ஹனிபா காக்கா மேசையில் கிடந்த சாவியை எடுத்தார். என்னிடம் நீட்டினார். அறிவித்தலை நீயே சொல்லு என்றார்.

சொன்னேன். நாலு ஒலிபெருக்கியில், ஊர் கேட்க. ஸலாம் சொல்லி, என் பெயர் சொல்லி, வாப்பாவின் பெயர் சொல்லி, இன்றைய பாங்கு ஐந்து நிமிஷம் முந்திவிட்டது, குற்றம் மோதினாருடையதல்ல, பலகை செய்த என்னுடையது, ஒரு நோன்பு கழா என்றேன். இடையில் எங்கே டிப்ளோமா முடித்தேன் என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனால் அது மாமி வீடு. ஸஹ்ரா மட்டும் கைப்பேசியில் நேரம் பார்த்து, இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கே என்று பழத்தைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். மற்ற எல்லோருக்கும் நோன்பு போய்விட்டது. மாமி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை.

"மருமகனுக்கு என்ன தொழிலெண்டு இனி ஒருத்தரும் என்னட்டக் கேட்கமாட்டாங்க," என்றார்.

மூன்று பலகைக்கும் நேரச் சிப் போட்டேன். இணையம் போனால் மூலையில் ஒரு பெரிய அடையாளம் எரியும்படியும் செய்தேன். மிக அசிங்கமாக இருக்கும், மிக நல்ல அடையாளம். ரமழான் முடியும்வரை ஹனிபா காக்கா என்னோடு பேசவில்லை. அவர் பேசாத ஒவ்வொரு நாளும் எனக்குத் தகும் என்றே நினைத்தேன். பிழையான நேரம் காட்டியதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் என்னைப் பார்த்தபோது நான் எறும்பைப் பார்த்தேனே, அதற்கு எந்தக் கடையில் சிப் வாங்குவது?

இன்று நான் இதே தொழிலில்தான் இருக்கிறேன். இப்போதும் விலை ஒப்பிடுகிறேன், இரத்தம் மாறாது. ஆனால் என் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். இந்தச் சாமானை வெட்டினால் யாருடைய பெயர் கெடும் என்பதை அதில் எழுதுவேன். கொழும்பில் இருந்து வருகிற வாடிக்கையாளர்கள் இது என்ன கட்டம் என்று கேட்பார்கள். அதில் சில வேளை ஒரு தாதியின் பெயர் இருக்கும், சில வேளை ஐஸ் தொழிற்சாலைக் காவலாளியின் பெயர் இருக்கும். பெயர் தெரியாவிட்டால் விசாரித்து எழுதுவேன். வாப்பாவுக்கு இது பிடித்திருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு வாங்கலாமே என்றார்.

பெருநாளுக்குப் பிறகு ஜமாஅத் எல்லோரும் பேசி ஒரே நாளில் அந்த ஒரு நோன்பைப் பிடித்தோம். கஞ்சியும் காய்ச்சினார்கள். ஊர் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்க எங்கள் ஒழுங்கை மட்டும் பசியோடு உட்கார்ந்திருந்தது. "சிப் நோன்பு" என்று அதற்கு அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. மஃரிப் நேரம் நெருங்கியபோது ஹனிபா காக்கா என்னை மைக் அறைக்குக் கூப்பிட்டார். பலகை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. கையில் மணிக்கூடும் இருந்தது. இரண்டையும் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"இஞ்சினியர், இப்ப எத்தின மணி?"

சொன்னேன்.

"பிழைச்சா இந்த முறையும் மைக்கில நீதான் பேசணும்," என்று சொல்லிவிட்டுப் பாங்கு சொல்ல எழும்பினார். அந்த மஃரிபுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

எட்டு வருஷமாகிறது. ரமழான் மாதம் முழுவதும் மஃரிபுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது என் கைப்பேசி அடிக்கும். இஞ்சினியர், எத்தனை மணி என்பார். சொல்வேன். வைத்துவிடுவார். இந்த வருஷம் முதல் நோன்பன்று நான் வேலையாகக் கொழும்பில் நின்றேன், அங்கேயும் அடித்தது. நேரம் சொன்னேன். பிறகு ஸஹ்ரா சொன்னாள், எங்கள் பள்ளியின் பாங்கு கேட்டும் வீட்டில் ஒருவரும் பழத்தை வாயில் வைக்கவில்லையாம். பக்கத்துப் பள்ளியிலும் தொடங்கட்டும் என்று மாமி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தாராம்.